அந்த நொதி நமக்கும் இருக்கிறதே?

பார்மசி மாணவர்களுக்கு ஒட்டுண்ணி நோய் மருந்துகளைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது, எல்லாப் பாடநூலும் சொல்வதை வைத்துத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது: கிருமியிடம் இருக்கிற, நம்மிடம் இல்லாத ஒன்றைக் கண்டுபிடி, அதைத் தாக்கு. பென்சிலின் பாக்டீரியாவைச் செல்சுவர் கட்டவிடாமல் செய்கிறது. நம் செல்லுக்குச் சுவரே கிடையாது, அதனால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. கேட்கவே திருப்தியாக இருக்கும் விளக்கம். சில பக்கம் தள்ளி ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கான எஃப்லோர்னித்தைன் வரும். அது ஆர்னித்தைன் டீகார்பாக்ஸிலேஸ் என்ற நொதியை முடக்குகிறது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். போன வருஷம் அந்த இடத்தில் ஒரு மாணவி கை தூக்கி, "மேடம், அந்த நொதி நமக்கும் இருக்கே, அப்புறம் நம்ம செல்லும் சேர்ந்து சாகாதா?" என்று கேட்டாள்.

சரியான கேள்வி. அதற்கான பதில் 1990 வாக்கிலேயே கிடைத்துவிட்டது, ஆனால் பாடநூலில் அது ஏறவில்லை. அன்று வகுப்பில் பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். அதோடு விடவில்லை, அந்தப் பதிலைச் சுற்றியே படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க ஓர் எண்ணம் உட்கார்ந்துவிட்டது: ஒட்டுண்ணிகளின் பாலிஅமைன் வளர்சிதை மாற்றத்தைப் பற்றிய ஆய்வுக்கட்டுரைகள் கடைசிப் பத்தியில் "புதிய மருந்துகளுக்கு நம்பிக்கையூட்டும் இலக்கு" என்று எழுதி முடிக்கின்றனவே, அந்த வாக்கியத்தில் பாதி வேலைதான் இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பாதையைக் குறிவைத்து ஒட்டுண்ணி நோய்க்கென்று மனிதரிடம் வென்ற மருந்து ஒன்றே ஒன்றுதான். ஏன் ஒன்றோடு நின்றது என்பதும், அந்த ஒன்று ஏன் வென்றது என்பதும் ஒரே கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது.

பாலிஅமைன்கள் உயிருள்ள செல் எதிலும் இருக்கும் சின்ன மூலக்கூறுகள். புட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் மூன்றும் முக்கியமானவை. நேர்மின்னேற்றம் கொண்டவை என்பதால் எதிர்மின்னேற்றம் கொண்ட டிஎன்ஏ, ஆர்என்ஏ மீது போய் ஒட்டிக்கொள்ளும். செல் பிளவுபட வேண்டுமென்றால் இவை வேண்டும். லீவன்ஹூக் 1678-இல் தன் நுண்ணோக்கியில் விந்து காய்ந்தபோது தோன்றிய படிகங்களைப் பார்த்து எழுதி வைத்தார். அவை ஸ்பெர்மின் பாஸ்பேட் என்று தெரிய இன்னும் இருநூறு வருஷத்துக்கு மேல் ஆனது. ஆர்னித்தைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து புட்ரெசின், அதிலிருந்து ஸ்பெர்மிடின் என்று போகும் வழியின் முதல் படியில் நிற்பதுதான் அந்த மாணவி கேட்ட நொதி. வேகமாகப் பெருகும் செல்லுக்கு இது நிறையத் தேவை. அதனால்தான் முதலில் புற்றுநோய்க்காரர்கள் இதன்மேல் கண் வைத்தார்கள்.

புற்றுநோயில் தோற்று, எலியில் வென்றது

எஃப்லோர்னித்தைனைச் செய்தது பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் இருந்த மெரல் மருந்து நிறுவனத்தின் ஆய்வு மையம், 1970-களின் பிற்பகுதியில். ஆர்னித்தைனைப் போலவே இருக்கும், இரண்டு ஃப்ளூரின் அணுக்கள் கொண்ட ஒரு சின்னத் துண்டு மட்டும் கூடுதல். நொதி இதை ஆர்னித்தைன் என்று நம்பிப் பிடித்துக்கொண்டு தன் வழக்கமான வேதிவினையைத் தொடங்கும், தொடங்கிய உடனே அந்த மூலக்கூறு வினைவேகம் கூடி நொதியோடேயே நிரந்தரமாகப் பிணைந்துவிடும். நொதி தானே தன்னை முடித்துக்கொள்ளும் முறை. அழகான வேதியியல், சந்தேகமில்லை. புற்றுநோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்தபோது அன்று எதிர்பார்த்த பலன் வரவில்லை.

அதே நேரத்தில் நியூயார்க்கின் பேஸ் பல்கலைக்கழகத்தில் சைரஸ் பாக்கி என்பவர் ட்ரிப்பனோசோம்களின் பாலிஅமைன்களைப் பற்றி வேலை செய்துகொண்டிருந்தார். செட்சி ஈ கடித்து உள்ளே போகும் ஒட்டுண்ணி இந்த ட்ரிப்பனோசோம். முதலில் ரத்தத்தில் திரியும், பிறகு மூளைக்குள் போகும். தூக்கத்தின் ஒழுங்கு குலைந்து, மனம் தடுமாறி, கோமாவில் முடியும் நோய். அவரும் கூட்டாளிகளும் நோயுள்ள எலிகளுக்கு எஃப்லோர்னித்தைனைக் குடிக்கும் தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள், எலிகள் குணமாயின. 1980-இல் 'சயின்ஸ்' இதழில் அது வந்தது. ஊசிகூட இல்லை, தண்ணீரில் கலந்த மருந்து!

அப்புறம் அது மனிதர்களிடம் போனது. 1980-களின் தொடக்கத்தில் சூடானில் பெல்ஜிய மருத்துவர் சிமோன் வான் நியுவென்ஹோவே, வேறு எதற்கும் மசியாத நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார். கோமாவில் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், "உயிர்த்தெழுப்பும் மருந்து" என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அதற்கு முன் மூளைக்குள் போய்விட்ட நோய்க்கு இருந்தது மெலார்சோப்ரால். 1949 முதல் புழக்கத்தில் இருந்த ஆர்செனிக் மருந்து. புரொப்பிலீன் கிளைக்காலில் கரைத்து நரம்பில் ஏற்றுவார்கள், ஏறும்போதே நரம்பு எரியும். போட்டுக்கொண்டவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு மூளை வீங்கும், அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துபோவார்கள். மருந்து கொடுத்த மருத்துவரின் கண் முன்னால், மருந்தினாலேயே. இதைத் தெரிந்துகொண்டே கொடுக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் கொடுக்காவிட்டால் சாவு நிச்சயம். இந்தப் பின்னணி இல்லாமல் எஃப்லோர்னித்தைனைப் பற்றிப் பேசவே கூடாது என்று நினைக்கிறேன்.

ஒரு வால் செய்யும் வேலை

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். நொதி நம்மிடமும் இருக்கிறது. மருந்து நம் நொதியையும் அதே முறையில்தான் பிடிக்கிறது, அதே உறுதியோடு முடக்குகிறது. நொதி அளவில் மருந்துக்கு நம்மையும் ஒட்டுண்ணியையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பின்னே நாம் எப்படித் தப்பிக்கிறோம்?

பாலூட்டிகளின் செல்லில் இந்த நொதிக்கு ஆயுள் மிகக் குறைவு. உடம்பிலேயே மிகச் சீக்கிரம் அழியும் புரதங்களில் இது ஒன்று. ஒரு மணி நேரத்துக்குள், பல செல்களில் அரை மணிக்குள்ளேயே, இருப்பதில் பாதி சிதைக்கப்பட்டுவிடும். செல் அதைத் தொடர்ந்து புதிதாகச் செய்துகொண்டே இருக்கும். பாலிஅமைன் கொஞ்சம் கூடினாலும் ஆபத்து என்பதால் இப்படி ஓயாமல் ஆக்குவதும் அழிப்பதுமாக அதைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. ட்ரிப்பனோசோமோ அப்படி இல்லை. தூக்க நோயின் பெரும்பகுதிக்குக் காரணமான காம்பியென்ஸ் வகையில் இந்த நொதி 18 மணி நேரத்துக்கு மேலாகியும் பாதிகூடக் குறையாமல் நிற்கிறது. ஒருமுறை செய்து வைத்துக்கொண்டு, அதை வைத்தே பல மணி நேரம் ஓட்டுகிறது. அன்றாடம் உலை வைக்கும் வீட்டில் ஒரு பானை சோறு கொட்டிப்போனால் ஒருவேளைப் பட்டினியோடு போய்விடும், அறுவடை நெல்லைக் குதிரில் கொட்டி வைத்து அதை நம்பியே இருக்கும் வீட்டில் குதிர் எரிந்தால் கதையே வேறு.

இது ஏன் இப்படி என்று கண்டுபிடித்த விதம்தான் எனக்கு இந்த முழு விஷயத்திலும் மிகப் பிடித்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பிலிப் காஃபினோ, சி. சி. வாங், மார்கரெட் ஃபிலிப்ஸ் ஆகியோரின் குழுவினர் எலியின் நொதியையும் ட்ரிப்பனோசோமின் நொதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நடுப்பகுதி பெரும்பாலும் ஒத்துப்போனது. எலி நொதியின் கடைசியில் மட்டும் ஒரு வால்போலக் கூடுதல் துண்டு இருந்தது, ட்ரிப்பனோசோம் நொதியில் அது இல்லை. எலி நொதியின் கடைசி 37 அமினோ அமிலங்களை வெட்டி எடுத்தார்கள். சீக்கிரம் அழிய வேண்டிய நொதி நிலைத்து நின்றது. பிறகு தலைகீழாக, எலியின் வாலை ட்ரிப்பனோசோம் நொதியில் ஒட்டவைத்து பாலூட்டிச் செல்லுக்குள் விட்டார்கள். நிலைத்து நிற்க வேண்டிய நொதி இப்போது வேகமாகச் சிதைந்தது. இரண்டு திசையிலும் பரிசோதித்து, இரண்டிலும் ஒரே பதில். செல்லின் சிதைக்கும் இயந்திரம் அந்த வாலைப் பிடித்துத்தான் நொதியை உள்ளே இழுக்கிறது. நம்மைக் காப்பாற்றுவது நம் நொதியின் வலிமை இல்லை, அது சீக்கிரம் செத்துப்போகும் தன்மை. மருந்து முடக்கிய நொதியை நம் செல் எப்படியும் தூக்கியெறியப் போகிறது, பின்னாலேயே புதியது வந்துகொண்டிருக்கிறது.

இதைப் படித்த பிறகு "நம்மிடம் இல்லாததைத் தாக்கு" என்ற வாக்கியத்தை வகுப்பில் அப்படியே சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வேறுபாடு பொருளில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, வேகத்தில் இருந்தாலும் போதும். வேகத்தில் இருக்கும் வேறுபாட்டை ஜீனோம் வரிசையைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது, உயிருள்ள செல்லில் நேரம் வைத்து அளந்தால்தான் தெரியும். இலக்குகளைத் தேடும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் இந்த அளவீடு இருப்பதே இல்லை. நொதி இருக்கிறது, மரபணுவை நீக்கினால் ஒட்டுண்ணி தவிக்கிறது, ஆகவே இலக்கு என்று முடித்துவிடுகிறார்கள்.

வேகம் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. ட்ரிப்பனோசோம்களுக்கு ஸ்பெர்மிடின் இன்னொரு வேலைக்கும் வேண்டும். நம் செல்களை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காப்பது குளுட்டாதயோன். ஆலன் ஃபேர்லாம்பும் அந்தோனி செராமியும் 1985-இல் இந்த ஒட்டுண்ணிகளிடம் வேறொன்றைக் கண்டார்கள்: இரண்டு குளுட்டாதயோன்களை நடுவில் ஒரு ஸ்பெர்மிடின் இணைத்து வைத்திருக்கும் ட்ரிப்பனோதயோன். பாலிஅமைன் வற்றினால் ட்ரிப்பனோதயோனும் குறையும், ஒட்டுண்ணியின் தற்காப்பும் சேர்ந்து தளரும். பழைய மெலார்சோப்ராலின் ஆர்செனிக்கும் போய் ஒட்டிக்கொள்வது இதே ட்ரிப்பனோதயோனில்தான் என்று ஃபேர்லாம்ப் பின்னர் காட்டினார். ஒன்று கொடூரமாகவும் ஒன்று மென்மையாகவும், இரண்டு மருந்துகளும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

கொல்லாத மருந்து

எஃப்லோர்னித்தைன் ட்ரிப்பனோசோமை நேரடியாகக் கொல்வதில்லை. பெருகுவதை நிறுத்துகிறது. பிளவுபட முடியாமல், மேலுறைப் புரதத்தை மாற்றி மாற்றி நம் நோயெதிர்ப்பு மண்டலத்தை ஏமாற்றும் வித்தையையும் தொடர முடியாமல் அது நின்றுவிடுகிறது. நின்றதை முடிப்பது நம் நோயெதிர்ப்புப் புரதங்களான ஆன்டிபாடிகள். நோயெதிர்ப்பை ஒடுக்கிய எலிகளில் இந்த மருந்து குணம் தருவதில்லை. அதாவது மருந்தோடு நோயாளியின் உடம்பும் வேலை செய்ய வேண்டும், அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரம் முழுக்க மருந்து ரத்தத்தில் இருந்தாக வேண்டும், ஆனால் மருந்தோ மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடும். கணக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள்: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸ், 14 நாள். மொத்தம் 56 டிரிப்ஸ்.

எலிக்குத் தண்ணீரில் கலந்து கொடுத்த மருந்து மனிதருக்கு 56 டிரிப்ஸாக ஆன இடத்தைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். காங்கோவிலோ தெற்கு சூடானிலோ மின்சாரமில்லாத சுகாதார நிலையத்தில் நள்ளிரவு டிரிப்ஸை யார் மாற்றுவது? உலக சுகாதார நிறுவனம் அனுப்பிய பெட்டியில், குளூக்கோஸ் பாட்டில், ஊசி, குழாய் எல்லாம் சேர்த்து இரண்டு நோயாளிகளுக்கானது சுமார் 40 கிலோ இருந்தது. சாலையில்லாத இடங்களுக்கு அதைச் சுமந்து போனார்கள். இதையெல்லாம் நிர்வாகப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடுகிறோம். அப்படி ஒதுக்க முடியாது. மருந்து கொல்லாமல் நிறுத்தி மட்டும் வைக்கிறது என்ற உயிர்வேதியியல் உண்மையிலிருந்து நேராகப் பிறந்ததுதான் அந்த 40 கிலோ.

இதைச் சுமக்கக்கூட ஒரு கட்டத்தில் மருந்து இல்லாமல் போனது. 1990-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மருந்தை, வாங்கக் காசில்லாத நோயாளிகளுக்கானது என்பதால், 1990-களின் நடுவில் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். பிறகு அதே மூலக்கூறு பெண்களின் முகத்தில் வளரும் தேவையற்ற முடியைக் குறைக்கும் 'வனிகா' கிரீமாக 2000-இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. முடியின் வேரும் வேகமாகப் பிளவுபடும் செல்தானே. எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு விடாமல் கொடுத்த நெருக்கடியில், 2001-இல் அவென்டிஸ் மருந்து நிறுவனம் உலக சுகாதார நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, ஐந்து வருஷத்துக்கு 2.5 கோடி டாலர் மதிப்பில் தூக்க நோய் மருந்துகளும் உதவியும் தர ஒப்புக்கொண்டது. இந்தக் கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள், அந்தக் கோபம் எனக்கும் உண்டு. வட உகாண்டாவின் ஓமுகோவில் 1990-களின் நடுவில் மெலார்சோப்ரால் போட்டவர்களில் கால்வாசிப் பேருக்கு மேல் நோய் திரும்பிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு வேண்டிய மாற்று மருந்தைத்தான் தயாரிக்காமல் விட்டிருந்தார்கள்.

மருந்து திரும்பி வந்த பிறகு நடந்த வேலையை இன்னும் அதிகம் பேச வேண்டும். சாகஸ் என்ற வேறொரு ஒட்டுண்ணி நோய்க்கான பழைய மாத்திரை நிஃபுர்டிமாக்ஸோடு இதைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 56 டிரிப்ஸ் 14 ஆகக் குறைந்தது, ஏழு நாளில், நாளுக்கு இரண்டு. நள்ளிரவு டிரிப்ஸ் போயிற்று. பலன் குறையவில்லை. 2009-இல் ஆய்வு வெளியானது, அதே வருஷம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இந்தக் கூட்டுச் சிகிச்சை சேர்ந்தது. 1998-இல் பதிவான நோயாளிகள் ஏறக்குறைய 40,000. 2009-இல் 10,000-க்குக் கீழே. 2018-இல் 1,000-க்கும் கீழே. இதில் மருந்துக்கு மட்டும் பெருமை சேராது, ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்த குழுக்களுக்கும் சேரும்.

அப்படியானால் மற்ற ஒட்டுண்ணிகள்?

இங்கேதான் அந்தக் கடைசிப் பத்தி வாக்கியம் என்னை உறுத்துகிறது. ட்ரிப்பனோசோமின் நெருங்கிய உறவான ட்ரிப்பனோசோமா குரூசியை எடுத்துக்கொள்வோம், தென் அமெரிக்காவின் சாகஸ் நோய்க்குக் காரணமானது. அதனிடம் இந்த நொதியே கிடையாது. அது நம் செல்லுக்குள்ளேயே வாழ்கிறது, புட்ரெசினை நம்மிடமிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. எஃப்லோர்னித்தைனுக்கு அங்கே வேலையே இல்லை. லீஷ்மேனியா என்ற இன்னொரு ஒட்டுண்ணியிடம் நொதி உண்டு. பீகாரில் கருங்காய்ச்சல் தரும் லீஷ்மேனியா டோனோவானியில் அதன் மரபணுவை நீக்கினால் எலியில் தொற்றும் வலு பெரிதும் குறைகிறது. ஆனாலும் மருந்தாக இது பெரிதாகப் போகவில்லை. லீஷ்மேனியா குடியிருப்பது கிருமிகளை விழுங்கும் நம் மேக்ரோஃபேஜ் செல்லுக்குள், அந்த செல்லுக்கே சொந்தமாகப் பாலிஅமைன் கையிருப்பு உண்டு. மலேரியா ஒட்டுண்ணி இந்தப் பாதையின் இரண்டு நொதிகளை ஒரே புரதமாக இணைத்து வைத்திருக்கிறது, பார்க்க அருமையான இலக்கு. பரிசோதனைக் குழாயில் மருந்து அதன் வளர்ச்சியை நிறுத்துகிறது, கொஞ்சம் புட்ரெசினைச் சேர்த்தால் மறுபடி வளர ஆரம்பித்துவிடுகிறது.

காம்பியென்ஸ் வகை வசமாக மாட்டிக்கொண்டதற்கு அது வாழும் இடமும் ஒரு காரணம். செல்லுக்கு வெளியே, ரத்தத்தில் திரிகிறது. அங்கே இரவல் வாங்கப் பாலிஅமைன் அதிகமில்லை, வாங்கும் திறனும் அதற்குக் குறைவு. நொதி மெல்லத்தான் சிதைந்து புதிதாகிறது, வெளியிலிருந்து வரத்து இல்லை, ஸ்பெர்மிடினுக்கு இரட்டை வேலை, மருந்து மூளைக்குள்ளும் போகிறது. நான்கும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன. கிழக்கு ஆப்பிரிக்காவின் ரொடீசியென்ஸ் வகையில் நொதி சுமார் நான்கு மணி நேரத்திலேயே பாதியாகிவிடுகிறது. அந்தச் சின்ன வேறுபாடே மருந்தைச் செல்லாக்காசாக்கப் பெரிய அளவில் காரணம் என்று ஆய்வுகள் காட்டின. பக்கத்து நாட்டில், அதே இனத்தின் இன்னொரு வகையிடம் தோற்றுவிட்டது. மூளைக்குள் போன ரொடீசியென்ஸ் நோய்க்கு ஆர்செனிக்கைத் தவிர வேறு வழியில்லாமல் மலாவியிலும் உகாண்டாவிலும் அண்மைக்காலம் வரை தொடர்ந்தார்கள். 2024-இல்தான் உலக சுகாதார நிறுவனம் அந்த இடத்தில் ஃபெக்ஸினிடசோலைப் பரிந்துரைத்தது. அது பத்து நாள் மாத்திரை, பாலிஅமைன் பாதையோடு அதற்குச் சம்பந்தமில்லை.

எஃப்லோர்னித்தைனும் தன் பழைய இடத்துக்குப் போயிருக்கிறது. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா புற்றுநோய் திரும்பாமல் தடுக்க மாத்திரையாக அனுமதி பெற்றது.

பாலிஅமைன் பாதையை இதனால் மூடிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மார்கரெட் ஃபிலிப்ஸின் குழு 2007-இல் காட்டியது இதற்கு நல்ல உதாரணம்: பாதையின் இன்னொரு முக்கிய நொதி ட்ரிப்பனோசோமில் தனியாக ஏறக்குறைய செயலற்றுக் கிடக்கிறது. தானாக வினை எதுவும் செய்யாத ஒரு துணைப் புரதம் வந்து சேர்ந்தால்தான் அது விழித்துக்கொள்கிறது. நம்மிடம் அந்தத் துணை கிடையாது. குரூசி விஷயத்திலும் நொதியைத் தேடுவதை விட்டுவிட்டு, புட்ரெசினை உள்ளே இழுக்கும் கடத்திப் புரதங்களைப் பலர் அடையாளம் கண்டு ஆராய்கிறார்கள். சொந்தமாகச் செய்யத் தெரியாத ஒட்டுண்ணிக்கு வாசலை அடைத்தால் என்ன ஆகும் என்பது நியாயமான கேள்வி. சாகஸ் நோயாளிகளுக்கு இன்றும் இருப்பது நிஃபுர்டிமாக்ஸும் பென்ஸ்னிடசோலும் மட்டும்தான், இரண்டுமே ஐம்பது வருஷத்துக்கு மேல் பழையவை, வாரக்கணக்கில் விழுங்க முடியாமல் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கடத்திகளைப் பற்றிக் கட்டுரை வரும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது இரண்டு எண்களைத்தான்: வாசலை அடைத்த பிறகு ஒட்டுண்ணி எத்தனை மணி நேரம் தாங்குகிறது, அதே நேரத்தில் அது குடியிருக்கும் நம் செல்லுக்கு என்ன ஆகிறது.